வயிறு நிறைத்த மாவு: கார்த்திகேசர் நினைவாக

செய்தியைக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து எலும்புத்தூள் ஏற்றி வந்த வண்டிக்காரர் கொண்டுவந்தார். கடை திறந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. நான் பின்னறையில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "உங்களோட வேலை பாத்த யாழ்ப்பாணத்து ஐயா விடியக்காலம் போயிட்டாருங்க. உங்கக்கிட்ட சொல்லிறச் சொன்னாங்க" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார். கையிலிருந்த குடுவையை நான் மறுபடி கழுவினேன். அதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. "எந்தக் கார்த்திகேசர்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. "அவர்தான்யா, சக்கை ஐயா" என்று இன்னொருவர் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். செத்தவருடைய உடம்பு அப்போது இன்னும் வீட்டில் கிடந்தது, இவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்பதைவிட எழுதுவது மேல் என்று இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்கும், அந்தப் பட்டப்பெயரை மட்டும் அறிந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கண்டித் தெருவில் எங்கள் மருந்துக்கடையின் பின்னறைதான் கோப்பித் தோட்டங்களுக்குச் சோதனைச்சாலை. மண், எலும்புத்தூள், புண்ணாக்கு, எரு என்று தோட்டத் துரைமார் அனுப்பும் எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்த்தோம். பெரியவர் கார்த்திகேசர். யாழ்ப்பாணத்தில் மிஷன் படிப்புப் படித்து இரசாயனம் கற்றவர். மற்றவன் நான், மாரிமுத்து. வத்தேகமப் பக்கத்தில் தோட்டக் கூலிகளின் வரிசைவீடான ஒரு லயத்தில் பிறந்து, ஒரு பாதிரியார் தயவில் எழுத்துப் படித்தவன். அவர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை நீர் என்பார். "உம்மட தமிழ் மலை ஏறி ஏறி மூச்சு வாங்குது மாரிமுத்து" என்று கேலி செய்வார். "உங்க தமிழ்ல உப்புக் கூடிப்போச்சு அண்ணே" என்று நானும் விடமாட்டேன். நாள் முழுவதும் திராவக நெடியில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கேலியாவது வேண்டியிருந்தது.

எல்லா வேலையிலும் அவருக்குப் பிடித்தது செடியிலிருந்து நாரைப் பிரித்து நிறுப்பது. இலையோ தண்டோ எதுவானாலும் காயவைத்து இடித்துத் தூளாக்க வேண்டும். அதை மெல்லிய கந்தகத் திராவகத்தில் கொதிக்க வைத்து, மல்துணியில் வடித்துக் கழுவ வேண்டும். பிறகு காரநீரில் கொதிக்க வைத்து மறுபடி கழுவ வேண்டும். மாவு, சர்க்கரை, பசை எல்லாம் கரைந்து போன பிறகு வெள்ளையாக ஒன்று மிஞ்சும். செடியை நிமிர்த்தி வைத்திருந்த நார் அது. நாங்கள் அதைச் சக்கை என்போம். ஒருமுறை கோப்பித் தண்டின் சக்கையைக் கழுவி உலர்த்தி நான் எடையும் போட்டு முடித்துவிட்டேன். அவர் அதில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கழுவினது காணாது. கழுவாத சக்கை பொய் சொல்லும்" என்று திரும்பத் தொட்டியில் போட்டுவிட்டார். இந்த மனிதர் சக்கையைக் கழுவுகிறாரா, பாவத்தைக் கழுவுகிறாரா என்று எனக்கு எரிச்சல். மறுபடி நிறுத்தபோது எடை குறைந்திருந்தது.

இலைநோய் மலையெங்கும் பரவிவிட்ட காலம் அது. கோப்பி இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். தோட்டத்தில் நடந்து வந்தால் வேட்டியிலும் கால்சட்டையிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் அறையின் மேசையில் ஒவ்வொரு காலையும் அந்தத் தூளைத் துடைத்த பிறகுதான் வேலை தொடங்குவோம். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு தோட்டம் மூடப்படும். கங்காணிமார் ஆட்களை அழைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் கண்டித் தெருவில் நிற்பார்கள். அடுத்து எது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

அப்போது வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மூட்டை மாவு வந்தது. நான் பிறந்த தோட்டம் அது, என் அக்கா அங்கம்மா வாழ்க்கைப்பட்டிருந்ததும் அங்கேதான். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அரிசி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, அதனால் பாதி அரிசிக்குப் பதில் கேழ்வரகை அரைத்த இந்தக் குரக்கன் மாவைக் கொடுக்கப்போகிறோம், இது சாப்பாடுதானா என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்பது தோட்டத் துரையின் கேள்வி. நாங்கள் வழக்கப்படி பார்த்தோம். அயடின் விட்டால் நீலமானது, மாச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு என்று அறியத் திராவகத்தில் கொதிக்க வைத்தோம். மாச்சத்து அப்போது சர்க்கரையாக மாறும். மயில்துத்தம் கலந்த நீலநீரை அதில் விட்டால் செங்கல் நிறமாகப் படியும். அந்தப் படிவை நிறுத்துக் கணக்குப் போட்டால் மாச்சத்தின் அளவு வந்துவிடும். நன்றாகவே வந்தது. மிஞ்சிய சக்கையும் பயப்படும்படி இல்லை. நல்ல உணவு என்று எழுதிக் கார்த்திகேசர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அங்கே ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கணக்கப்பிள்ளை உரக்கப் படித்தாராம்.

சில மாதம் கழித்து அங்கம்மா மகள் பொன்னியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். இடுப்பில் தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளை. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. கண் எங்கள் யார்மேலும் நிற்கவில்லை.

"வயிறு முட்டத்தான் திங்குது தம்பி. நாங்களும் அப்பிடித்தான் திங்கிறோம். ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றாள். "ரொட்டி தட்டினா வெடிச்சு உதிருது. லயத்துல எல்லாப் புள்ளைகளும் இப்பிடித்தான் ஆகிக்கிட்டு வருது. மேல் லயத்துல ரெண்ட பொதைச்சாச்சு. நல்ல மாவுன்னு ஒங்க ஐயா எழுதிக் குடுத்திருக்காராமே, அதான் அவருகிட்டயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கார்த்திகேசர் தலையை நிமிர்த்தாமலே, "பூச்சி. எல்லாம் வயித்துப் பூச்சி. மருந்து தாறன், குடுங்கோ. மாவிலை பிழை இல்லை" என்றார். அந்தக் குரலில் இருந்த அலுப்பு எனக்கு ஆகவில்லை. "நீங்க புள்ளைய நிமிந்து பாக்கவே இல்லையே அண்ணே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் பார்த்தார். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து விரலால் சுற்றி அளந்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பூச்சி மருந்தைத்தான் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் மண் எடுக்க அதே தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. வழக்கமாக நான்தான் போவேன். அன்று அவரும் கிளம்பினார். அந்தத் தோட்டம் கோப்பியைத் தோலோடு கொழும்புக்கு அனுப்பாமல் கொட்டையின் உள்தோலைத் தன் ஆலையிலேயே நீக்கும் தோட்டம். அப்படி நீக்கிய தோல் ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் லயம்வரை பறக்கும், சின்ன வயதில் நாங்கள் அதில் குதித்து விளையாடியிருக்கிறோம். அன்று அந்த இடம் கூட்டித் துடைத்தாற்போல் இருந்தது. கார்த்திகேசர் அங்கேயே நின்றுவிட்டார்.

"கொட்டைத்தோலை எங்கை கொட்டுறியள்?" என்று கங்காணியைக் கேட்டார்.

"கொட்டுறதில்லைங்க ஐயா. அரவைக்குப் போவுது."

"என்னத்துக்கு அரைக்கிறது?"

கங்காணி ஆலைப் பக்கம் பார்த்தார். உள்ளே கல் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரக்கன் மாவின் பழுப்பில் கொட்டைத்தோலின் பழுப்பு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கார்த்திகேசர் சட்டைப்பையில் ஆலை வாசலில் அள்ளிய ஒரு பிடி கொட்டைத்தோல் வைத்திருந்தார்.

அறைக்கு வந்து அதைக் கழுவி, அரைத்து, அயடின் விட்டார். நீலமாகவில்லை. மாச்சத்து ஒரு துளியும் இல்லை என்று அர்த்தம். பிறகு அதையே திராவகத்தில் கொதிக்க வைத்து நீலநீரை விட்டார். நீலம் மறைந்து செங்கல் நிறம் படிந்தது. மாச்சத்து இல்லாத தோல் சர்க்கரை காட்டுகிறது! நான் கழுவியதில் குறை இருக்குமோ என்று நினைத்தேன். அவர் திரும்பச் செய்தார், திரும்பவும் அதே நிறம். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்கள் திராவகத்திலை அவிச்சுப்போட்டு, இனிக்குது, இது சாப்பாடு எண்டு எழுதிக் குடுத்தம்" என்றார். "ஆரின்ரை வயித்திலை ஐயா திராவகம் கொதிக்குது?"

அடுத்த சில நாட்களில் அவர் வேலையைத் தலைகீழாக மாற்றினார். முளைகட்டிய தானியத்தை அரைத்துப் பிழிந்த நீர் மாச்சத்தை மட்டும்தான் கரைக்கும், தோலைத் தொடாது. அதனால் முதலில் அந்த நீரில் மாவை ஊறவைத்து மாச்சத்தைத் தனியே எடுத்தார். கரையாமல் நின்றதைக் காரநீரில் போட்டார். அதில் ஒரு பகுதி கரைந்தது. வடித்த நீரில் புளிப்பையும் மதுசாரத்தையும் விட்டபோது வெண்மையாகப் பிசின் போல ஒன்று அடியில் இறங்கியது. கரையாத நார் வேறு, இது வேறு. நாரோடு சேர்ந்து செடிக்குள் இருப்பது, நாரைவிட எளிதில் கரைவது, திராவகத்தில் அவித்தால் சர்க்கரை போல நடிப்பது. எங்களிடமிருந்த புத்தகங்களில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. "கரைஞ்சதெல்லாம் சாப்பாடு இல்லை" என்றார். அந்த இரண்டையும் தனித்தனியே நிறுத்துச் சேர்த்தபோது, லயத்தில் கொடுத்த மாவில் பாதிக்கு மேல் உடம்பில் சேராதது என்று தெரிந்தது.

கையெழுத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று கடைத் துரையிடம் போனார். எங்கள் முதலாளியான வெள்ளைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அந்த மாவைக் கொழும்பில் வேறொருவரிடம் அனுப்பினார். அங்கேயும் பழைய முறைப்படி திராவகத்தில் அவித்துப் பார்த்து, நல்ல மாவு என்றே எழுதி அனுப்பினார்கள். பெயரில்லாத ஒரு பொருளைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிற மனிதரைவிடக் கொழும்புத் தாளை நம்புவது துரைக்குச் சுலபம். அன்றிலிருந்துதான் தெருவில் சக்கை ஐயா என்ற பெயர் விழுந்தது. இதற்கிடையில் வேறு சில தோட்டங்களும் அதே மாவைக் கேட்கத் தொடங்கியிருந்தன.

பெரஹரா ஊர்வலத்துக்கு யானைகள் கண்டிக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை அவர் என்னிடம், "மாரிமுத்து, எழுதினால் நம்பமாட்டினம். கண்ணாலை பாக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்த மாவில் செய்த ரொட்டியைத் தவிர வேறெதையும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை வாசலில் கோப்பி மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் எல்லோரும் பார்க்க ஏறி உட்கார்ந்தார். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள். அவருடைய மனைவி தங்கம்மா மீன்குழம்பை வைத்துக்கொண்டு கடைக்கே வந்து அழுதார். "உங்களுக்கு விசரே? பிள்ளையளை நினைச்சுப் பாத்தீங்களே?" என்று கேட்டார். அவர் ரொட்டியை மென்றுகொண்டே, "வயிறு நிறைஞ்சுதான் கிடக்கு, பயப்படாதை" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டு ஏப்பம் விடுகிற மனிதரின் கன்னத்தில் வாரத்துக்கு வாரம் பள்ளம் விழுந்தது. விரலிலிருந்து மோதிரம் கழன்று திராவகச் சாடிக்குள் விழுந்தது. குடுவையைத் தூக்க முடியாமல் போனபோது நிறுப்பதை என்னிடம் விட்டார்.

பக்கத்துக் கடை காதர் நானா சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான். தராசைப் பார்த்துவிட்டு, "நாங்க நோன்பு புடிச்சாலும் இப்பிடி மெலியிறல்ல ஐயா. நீங்க திண்டு திண்டு மெலியிறீங்களே" என்றார். அவர் குரலில் இருந்த கலவரத்தை அந்த வாசலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் இருவரும் வத்தேகமைக்குப் போனோம். நான் தாங்கிப் பிடித்துத்தான் மேடேற வேண்டியிருந்தது. காலைப் பெரட்டில் ஆட்கள் நின்றார்கள். துரை குதிரையில் இருந்தார், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகேசர் நேரே நடுவில் போய் நின்று தன் கோட்டையும் சட்டையையும் கழற்றினார். மழைத்தூறலில் அந்த விலா எலும்புகளைப் பார்க்க எனக்கே முடியவில்லை.

"நல்ல மாவு எண்டு கையெழுத்துப் போட்டது நான்" என்றார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் அந்த இடத்தில் வேறு சத்தம் இல்லை. "அது பிழை. இதுக்குள்ளை கோப்பிக் கொட்டைத்தோல் கிடக்கு. நானும் இதைத்தான் சாப்பிட்டனான். வயிறு நிறையத்தான் சாப்பிட்டனான். பாருங்கோ."

கணக்கப்பிள்ளை அவரைப் பிடித்துத் தள்ள வந்தார். அதற்குள் அங்கம்மா வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். "எங்க புள்ளைக மாதிரியே இருக்காரே!" என்று கத்தினாள். லயத்துக்கு ஓடி மாவுப் பானையைத் தூக்கி வந்து களஞ்சியக் கதவடியில் கவிழ்த்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் கொண்டுவந்து கொட்டினார்கள். மழையில் அந்த மாவு கரையவில்லை, தோல் மேலே மிதந்து வந்தது. அன்று யாரும் வேலைக்கு மலை ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. பிறகு அந்தத் தோட்டத்தில் முழு அரிசி போட்டார்கள்.

கார்த்திகேசரைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். தங்கம்மா என்ன சமைத்துப் போட்டும் அவர் பழைய உடம்புக்குத் திரும்பவேயில்லை. காய்ச்சலில் இறந்தார் என்று வைத்தியர் சொல்கிறார், சொல்லட்டும். எந்தக் காய்ச்சலையும் தாங்காத உடம்பாக அது எப்போது ஆனது என்று எனக்குத் தெரியும்.

அவரைக் கிடத்தியிருந்த வீட்டில் வாய்க்கரிசி போடும் நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அங்கம்மாவோடு பொன்னியும் நடந்தே வந்திருந்தாள். இப்போது வளர்ந்து, கோப்பிக் கூடை சுமக்கிற பெண். அவள் அரிசியை அள்ளிக்கொண்டு முன்னால் போனதும், "உவள் ஆர்? தோட்டத்துப் பெட்டைக்கு இங்கை என்ன வேலை?" என்று ஒரு பெரியவர் தடுத்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கம்மா நிமிர்ந்தார்.

"அவள் போடட்டும்" என்றார். "இந்த மனுசன் போனதே உவையின்ரை அரிசிக்காகத்தான். அவள் போடாமல் வேறை ஆர் போடுறது?"

பெரியவர் விலகினார். பொன்னி போட்டாள். வெளியே வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சமாத்தான் போட விட்டாங்க மாமா. வாய் நெறையப் போடணும்னு இருந்துச்சு" என்று தேம்பினாள். நானும் அழுதேன்.

அவருடைய இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். கோப்பி முக்கால்வாசி செத்துவிட்டது, சில மலைகளில் தேயிலைக் கன்று நடுகிறார்கள். மாவு மூட்டைகள் மட்டும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த வாரம் கலஹாப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. அவருடைய முறையில் பார்த்தேன், பாதி சக்கை. பழைய முறையில் பார்த்துக் கையெழுத்துப் போடு என்கிறார் கடைத் துரை. அவருடைய முறையை இன்றுவரை எந்த அரசாங்கக் கச்சேரியும் ஏற்றுக்கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கார்த்திகேசரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். லயத்துப் பிள்ளைகளின் வாய்க்குப் போகிற மாவை முதலில் நான் சாப்பிடுவது. நேற்றுக் காலை தொடங்கிவிட்டேன். அவரை அறிந்தவர்கள் இடையிடையே கடைப்பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் மெலிந்தால் அதைச் சொல்ல ஆள் வேண்டும்.